கறுப்பா, பச்சையா

மனைவியின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்று, கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு மனிதனுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய அவசியம் என்ன வந்தது? வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் அளவுநாடாவோடு சோபாவுக்கு முன்னால் மண்டிபோட்டிருந்தார் கண்ணாடிக்காரர். சோபாவில் அவர் மனைவி சாய்ந்து உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாடாவின் ஒரு முனையை அவள் இடுப்போரம் மெத்தை இடுக்கில் செருகினார். மறுமுனையைப் பூப்போல இழுத்து முழங்காலுக்குக் கொண்டுவந்தார். நாற்பத்தாறு.

"என்ன பண்றீங்க?" என்றது செய்தித்தாள்.

"சோபாவ அளக்கறேன்."

"சோபாவுக்கு முட்டி எங்க இருக்கு?"

"இல்ல, பழசாயிடுச்சே. மாத்திடலாமான்னு பாத்தேன்."

தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. பன்னிரண்டு வருஷமாக ஸ்பிரிங் குத்திக்கொண்டிருந்த சோபா அது. மாற்றலாம் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து, சொல்வதையே விட்டுவிட்டிருந்தாள்.

"நிஜமாவா சொல்றீங்க?"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு, சும்மா சொன்னேன் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆக, மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்பட்ட மனுஷன் முதலில் சோபா வாங்கும்படி ஆயிற்று.

கண்ணாடிக்காரர் என்பது தெருவில் எல்லோரும் வைத்த பெயர். பெரிய தெரு முனையில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து, இன்ன பவர் என்று எழுதிக் கொடுப்பவர். இருபத்தொன்பது வருஷமாக ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே கேள்வி. ஒரு லென்ஸைப் போட்டுக் காட்டுவார். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவார். "முதல்ல போட்டது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் நாற்பது பேரும் அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று இழுப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்டவர்தான் இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் இரண்டு வருஷமாக மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். இரண்டும் நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டிகள். இரண்டும் ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று கறுப்பு, இன்னொன்று பச்சை. அவற்றின் பெயர்களில் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்ததால் அவர் நிறத்தைச் சொல்லியே பழகிவிட்டார்.

பச்சை உயரமானது, மெலிந்தது, கல்லென்றும் மேடென்றும் பார்க்காமல் போகக்கூடியது. அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் அவருக்கு இருபது வயசு குறைந்துவிடும். ஆனால் அதன் பின்சீட்டு இருக்கிறதே, கைக்குட்டையை நாலாக மடித்து வைத்த அளவுதான். கறுப்பு தாழ்வானது, கனமானது. திரும்பு என்றால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஆனால் பின்சீட்டு மெத்தென்று அகலமாக, முதுகுக்குச் சாய்மானத்தோடு இருக்கும். மனசு பச்சை என்றது. மனசாட்சி கறுப்பு என்றது.

ஏனென்றால் பின்சீட்டில் உட்காரப் போவது அவர் மனைவி.

இருபத்தாறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து வெளியூர் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். போன இடத்திலும் அவள் சமையலறையில் இருப்பாள், அவர் வாசலில் இருப்பார். ஒரே மகளும் கல்யாணமாகிக் கண்காணாத தூரம் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சென்றால் கதவைப் பூட்டியாச்சா, கேஸ் வந்துச்சா என்பதோடு சரி. இப்படியே ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து கிழமாகிவிடுவோமோ என்று அவருக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலோரமாகவே போய், மலை ஏறி இறங்கி வந்தால், விட்டுப்போனதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று நினைத்தார். அவளை அவருக்குப் பிடிக்கும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால்தான் ஒரு வண்டியே தேவைப்பட்டது.

சரி, அவளிடம் இதைச் சொன்னாரா? அதுதான் இல்லை. வண்டியைப் பற்றி இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டேதான் இருந்தார். டேங்க் எவ்வளவு கொள்ளும், டயர் எத்தனை அங்குலம் என்று ஒன்று பாக்கியில்லாமல் சொன்னார். நீயும் வா என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வேலை இருக்கிறது, முதுகு வலிக்கும், வீட்டை யார் பார்ப்பது என்று ஐம்பது காரணம் சொல்வாள் என்பது அவர் கணக்கு. எல்லாக் காரணத்தையும் முன்கூட்டியே அடைத்துவிட்டு, வண்டியை வாசலில் நிறுத்தி, ஏறு என்று சொன்னால் என்ன செய்வாள்? ஏறித்தான் ஆகவேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் சோபாக் கடைக்குப் போனார்கள். மனைவி நேராக வேலையிலிருந்து வந்தாள். தண்ணீர் விநியோக அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. எட்டு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணீர் வராதவன் திட்டுவதையும் தண்ணீர் நிற்காதவன் திட்டுவதையும் கேட்டு, "பதிவு செஞ்சுட்டேன் சார்" என்று சொல்லவேண்டும்.

கடைக்குள் ஒரு சுற்று வந்தாள். ஒன்றில் உட்கார்ந்தாள். பக்கவாட்டுப் பிடியை இழுத்ததும் முதுகு சாய்ந்து கால் உயர்ந்தது. கண்ணை மூடினாள்.

"இது," என்றாள்.

"இது ஒரு ஆளு உக்கார்ற சாய்வு நாற்காலிம்மா. நாம ரெண்டு பேரு இருக்கோமே."

"உங்களுக்குத்தான் டைனிங் நாற்காலி இருக்கே. நிமிந்து உக்காந்து பேச அதுதான் வசதி."

"இன்னும் நாலு பாத்து, ஒப்பிட்டு..."

"எதுக்கு? உக்காந்தேன், நல்லா இருந்துச்சு, முடிஞ்சுது."

மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நாற்காலி வந்து இறங்கிய நாளிலிருந்து மனைவி சாயங்காலம் அதில்தான் கிடந்தாள். கண்ணை மூடி, காலை உயர்த்தி, மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் சாய்ந்திருப்பாள். அவர் டைனிங் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"கறுப்புல டேங்க் பெருசு. ஆனா பச்சை எடை கம்மி. இப்ப ஏத்தத்துல போறோம்னு வச்சுக்கோ..."

"ம்."

"கறுப்புல பின்னாடி சாய்மானம் இருக்கு. உனக்கு சாஞ்சு உக்கார்றது பிடிச்சிருக்கு, இல்ல?"

"ம்."

அவர் தன் நோட்டை எடுத்து, கறுப்புக்கு ஒரு மார்க் போட்டார். அந்த நோட்டில் மனைவியின் அளவுகள் ஒரு பக்கமும் வண்டிகளின் அளவுகள் எதிர்ப்பக்கமும் இருந்தன. நோட்டு எப்போதும் சட்டைப் பையிலேயே இருந்தது. கடையில் கண் பார்க்கும்போதும் மேஜை மேல் திறந்தே கிடந்தது. வினை அங்கேதான் பிடித்தது.

அடுத்த வாரம் ஒரு வக்கீல் கடைக்குள் வந்தார். வந்தார் என்பதைவிடத் தடவிக்கொண்டே வந்தார் என்பது சரி. மூக்கின் மேல் புத்தம்புதுக் கண்ணாடி.

"யார்யா இத எழுதினது?" என்றார், கண்ணாடிக்காரருக்கு அரையடி தள்ளியிருந்த சுவரைப் பார்த்து.

கடை முதலாளியம்மா பவர் எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் உள்ள தூரம் என்ற இடத்தில் நாற்பத்தாறு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. வளர்ந்த மனுஷனுக்குச் சாதாரணமாக அறுபதுக்குக் குறையாது. வக்கீலுக்கோ நல்ல அகலமான முகம்.

"கோர்ட்டுல ஜட்ஜ் ரெண்டு பேரா தெரியறாரு," என்றார் வக்கீல். "எந்த ஜட்ஜப் பாத்து வாதாடறதுன்னு தெரியாம நடுவுல பாத்து வாதாடினேன். அங்க கடிகாரம் இருந்துச்சு."

முதலாளியம்மா மன்னிப்புக் கேட்டு, வேறு கண்ணாடி போட்டுத் தருவதாகச் சொல்லி, வக்கீலைக் கைப்பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தார்.

"நாப்பத்தாறு இங்க இருக்கு. இது யாரோட கண்ணு?"

"கண்ணு இல்லீங்க. என் மனைவியோட தொடை."

முதலாளியம்மா நோட்டை மூடி வைத்தார். இருபத்தொன்பது வருஷத்தில் அவரிடமிருந்து ஒரு தப்பான சீட்டு வந்ததில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடலாம், ஆனால் இந்த ஆனை தொடையை அளந்துகொண்டு சறுக்கியிருக்கிறது.

"உங்களுக்கு லீவு எவ்வளவு சேர்ந்திருக்கு?"

"முப்பத்தெட்டு நாள்."

"வர்ற திங்கக்கிழமையிலிருந்து எடுத்துக்குங்க. எடுக்கலேன்னா இந்த வருஷத்தோட அது போயிடும், அடுத்த வருஷம் கடை ரெண்டாவது கிளை திறக்குது, அப்புறம் நாலு நாள்கூடத் தரமுடியாது. அந்த வண்டிய வாங்குங்க, இல்ல மறந்துடுங்க. ரெண்டுல ஒண்ணு முடிச்சுட்டு வாங்க."

அன்றைக்குச் செவ்வாய். சனிக்கிழமைக்குள் வண்டி எடுக்கவேண்டும். இப்போது விட்டால் ஓய்வுபெற்ற பிறகுதான். அதற்குள் அவளுடைய முதுகு எப்படி இருக்குமோ, இவருடைய கண் எப்படி இருக்குமோ, யார் கண்டது?

பச்சையின் பின்சீட்டு நிஜமாகவே அவ்வளவு மோசமா, அல்லது பார்வைக்குத்தான் அப்படியா? அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மனைவியை உட்காரவைத்துப் பார்க்க வழியில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. உயரம், எடை, உட்காரும்போது இடதுபக்கம் சாய்வது உட்பட. வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவன், தனி ஆள், எழுந்து நடப்பதே பெரிய காரியம். புதன்கிழமை மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு அவனை ஷோரூமுக்கு அழைத்துப் போனார்.

விற்பனைக்காரர் இவரைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. சாவியை மட்டும் மேஜை மேல் வைத்தார்.

"பன்னிரண்டாவது தடவை சார். வண்டிக்கே உங்கள அடையாளம் தெரியும்."

வாசலில் மைத்துனன் தயங்கி நின்றான். "மாமா, நான் எதுக்கு?"

"நீ உங்கக்கா மாதிரி."

"அக்கா வர்றேன்னு சொல்லிட்டாங்களா?"

"கேட்டா வேண்டாம்னுவா."

"அப்ப வேண்டாம்னு உங்களுக்கே தெரியுதில்ல?"

"அது வாய் சொல்றது. மனசுல ஆசை இருக்கும். நீ ஏறு."

மைத்துனன் ஏறினான். தெருக்கோடி வரை ஒன்றும் ஆகவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பலகை மேல உக்காந்த மாதிரி இருக்கு மாமா," என்றான். "கொஞ்சம் வேகமா போனா சரியாயிடும்," என்றார். அப்போதுதான் வேகத்தடை வந்தது. பச்சை துள்ளி ஏறியது, மைத்துனனும் ஏறினான். அவன் இறங்கும்போது அந்த இடத்தில் வண்டி இல்லை.

ஷோரூமின் மெக்கானிக்கும் விற்பனைக்காரரும் ஓடிவந்து அவனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். எலும்பு முறியவில்லை. இடுப்பில் தசை பிடித்துக்கொண்டுவிட்டது. பத்து நாள் சாய்ந்தே இருக்கவேண்டும், தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனி ஆளை வேறு எங்கே கொண்டுபோவது? அக்கா வீட்டுக்குத்தான். அக்கா வீட்டில் சாய்வாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

மனைவி வேலையிலிருந்து வந்தபோது அவளுடைய நாற்காலியில் தம்பி கிடந்தான்.

"எப்படிடா விழுந்த?"

"மாடிப்படியில வழுக்கிடுச்சுக்கா," என்றான், மாமாவைப் பார்த்துக்கொண்டே.

"உன் வீடு தரைத்தளமாச்சே."

தம்பி கண்ணை மூடிக்கொண்டு முனகினான். மனைவி பையை வைத்துவிட்டு, ஒரு டைனிங் நாற்காலியில் உட்கார்ந்தாள். இடதுபக்கம் தம்பி, "அக்கா, தலகாணி. அக்கா, தண்ணி. அக்கா, அந்த ஜன்னல்" என்று ஆரம்பித்தான். வலதுபக்கம் இவர் நோட்டைத் திறந்தார்.

"நேத்து ஒண்ணு கவனிச்சேன். பச்சையில சங்கிலி எண்ணெய் ஐநூறு கிலோமீட்டருக்கு ஒருதடவை போடணும். கறுப்புல..."

அவள் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கேட்ட காது அது. வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் களைத்துப் போயிருக்கிறாள் என்பது அவருக்கும் தெரிந்தது. பாவம், இவளைச் சீக்கிரம் வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே சங்கிலி எண்ணெயைத் தொடர்ந்தார்.

வியாழக்கிழமை காலை தம்பிக்குத் துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவளாகவே கேட்டாள். இரண்டு வருஷத்தில் வண்டியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"இந்த வண்டி எப்பத்தாங்க வரும்?"

அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "சனிக்கிழமை எடுத்துடலாம். எதுன்னு முடிவு பண்ணிட்டா போதும்."

"எடுத்தா உடனே கிளம்பிடலாமா?"

"ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கிளம்பலாம். லீவு சொல்லியாச்சு."

"எத்தன நாள்?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு நாள்," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகள் பிறந்தபோது பார்த்த வெளிச்சம். அதற்குப் பிறகு அவர் பார்த்த ஞாபகம் இல்லை. "நடுவுல திரும்பி வரவேண்டி வராதே?"

"எதுக்கு வரணும்?"

"இல்ல, கேட்டேன்," என்றாள். போகும்போது தெருவில் அவள் நடை கொஞ்சம் வேகமாக இருந்த மாதிரி அவருக்குத் தோன்றியது.

புரிந்துகொண்டுவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லாமலே புரிந்துகொண்டுவிட்டாள். சாய்வு நாற்காலியில் கிடந்த மைத்துனனிடம் போய், "பாத்தியா, ஆசை இருக்குன்னு சொன்னேனில்ல?" என்றார்.

"மாமா, அந்தத் தலகாணி," என்றான் அவன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். கறுப்புதான். இவ்வளவு ஆசையோடு இருப்பவளைக் கைக்குட்டை மேல் உட்காரவைத்து முப்பத்தெட்டு நாள் கொண்டுபோவது பாவம். பச்சை போனால் போகட்டும். போகட்டும் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கால் தானாக ஷோரூம் பக்கம் போயிற்று. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கறுப்பு மட்டும் நின்றது. பக்கத்தில் பச்சை நின்ற இடம் காலியாக இருந்தது, தரையில் இரண்டு டயர்த் தடம் மட்டும்.

உள்ளே போனார். விற்பனைக்காரர் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு எழுந்து நின்றார்.

"பச்சை எங்க?"

"வித்துடுச்சு சார். இன்னைக்கு மத்தியானம்."

"யாரு வாங்கினது?"

"அத சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்."

இரண்டு வருஷமாக அவர் தடவிப் பார்த்த வண்டி. எவனோ ஒருவன் மத்தியானம் வந்தான், பார்த்தான், வாங்கினான், போனான். தன்னையே யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். இனி யோசிக்க ஒன்றுமில்லை. கறுப்பு, மெத்தைச் சீட்டு, பின்னால் அவள். போதாதா? போதும். ஆனாலும் கண் கலங்கத்தான் செய்தது. கண் டாக்டரிடம் போனால்கூட இதற்கெல்லாம் மருந்து கிடையாது.

சனிக்கிழமை காலை அவர் எழுந்தபோது மனைவி எழுந்து குளித்து, தேநீர் போட்டு, அவருடைய துணிகளை மடித்து வைத்திருந்தாள். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது பாட்டு என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் ஷோரூம் போயிட்டு வர்றேன்," என்றார். "கறுப்பு எடுத்துடறேன். யோசிச்சுப் பாத்துட்டேன், அதுதான் நமக்கு..."

"ஒண்ணும் யோசிக்க வேண்டாம்," என்றாள். "நேத்து மத்தியானம் அரை நாள் லீவு போட்டுட்டு நானே போய் முடிச்சுட்டேன். காகிதமெல்லாம் ரெடி. நீங்க போய் வண்டிய எடுத்துட்டு வந்தா சரி."

"நீயா? எந்த வண்டி?"

"போய்ப் பாருங்களேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் அவருக்கு வாங்கிக் கொடுத்தது சட்டை, செருப்பு, ஒரு தடவை குடை. அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். தெருவில் நடக்கும்போது காலே தரையில் படவில்லை. அரை நாள் லீவு போட்டிருக்கிறாள். போன மாதம் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள்.

ஷோரூமின் பின்பக்கப் பட்டறையில் துணி போர்த்தி ஒரு வண்டி நின்றது. பக்கத்தில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். விற்பனைக்காரர் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் அப்பா மாதிரி சிரித்துக்கொண்டே துணியை இழுத்தார்.

பச்சை.

கண்ணாடிக்காரர் கிட்டப் போனார். கைப்பிடியைத் தொட்டார். அழுதே விட்டார். வெட்கப்படவும் இல்லை.

"அவ எனக்காகப் பண்ணியிருக்கா," என்றார் விற்பனைக்காரரிடம். "எனக்கு எது பிடிக்கும்னு ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்திருக்கா பாத்தீங்களா. தனக்கு முதுகு வலிச்சாலும் பரவாயில்லன்னு, எனக்காக இந்தப் பின்சீட்டுல உக்காந்து வர்றேன்னு..."

சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனவர் நின்றார். பின்சீட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் கனமான அலுமினியப் பெட்டி ஒன்று நாலு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

"இது என்ன? வேற யாரோ வண்டிக்கு மாட்டவேண்டியத இதுல மாட்டிட்டீங்க," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பரவாயில்ல, கழட்டிட்டு சீட்டப் போட்டுக் குடுங்க. எத்தன வசதி குறைச்சலா இருந்தாலும் அவ வேணும்னே பாத்துப் பாத்து எடுத்த வண்டி இது."

விற்பனைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மேடம் கறுப்பு, பச்சை எதையும் பாக்கவே இல்ல சார். ரெண்டுல எதுல பின்சீட்டக் கழட்ட முடியும்னு மட்டுந்தான் கேட்டாங்க."